சும்மா பார்க்கப் போனவர்

சாந்தகுமாரி பிறேசிலுக்குப் போகிறார் என்ற செய்தி ஒக்லாந்தின் ரானுயிப் பகுதித் தமிழ் வீடுகளில் பரவியபோது முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு நம்பினார்கள், ஆனால் அவர் சொன்ன காரணத்தை நம்பவில்லை.

நம்மவர்கள் விமானம் ஏறுவதென்றால் அதற்கொரு முறை இருக்கிறது. லண்டனில் தங்கைக்குப் பிள்ளைப்பேறு, ரொறன்ரோவில் மருமகளின் கலியாணம், கொழும்பில் செத்தவீடு, இந்தியாவில் நேர்த்திக்கடன். இந்த நான்கில் ஒன்றாவது இல்லாமல் பெட்டி கட்டினால் அது பயணமே அல்ல. சாந்தகுமாரியோ கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"சும்மா. பார்க்கப் போறன்."

"அங்க ஆர் இருக்கினம், அக்கா?" என்று வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து மண்டபத்தில் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்த யோகராணி கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை. அதுதான் போறன்."

வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. பிறேசில் வழியாகக் கனடாவுக்குக் களவாக ஆள் அனுப்பும் வேலையில் சாந்தகுமாரி இறங்கிவிட்டார் என்று ஒரு கதை. மனைவியை இழந்த யாரோ ஒருவர் அங்கே இருக்கிறாராம் என்று இன்னொரு கதை. இரண்டாவது கதையைக் கேட்டதும் ஐம்பத்து நான்கு வயதுச் சாந்தகுமாரி வாய்விட்டுச் சிரித்தார். முதலாவது கதைக்கு மட்டும் அவருக்குப் பொல்லாத கோபம் வந்தது.

கோபத்துக்குக் காரணம் உண்டு. எண்பதுகளின் கடைசியில், கணவரைப் பறிகொடுத்துவிட்டு மகள் கஜானியைக் கையில் பிடித்துக்கொண்டு இலங்கையை விட்டுப் புறப்பட்டபோது, ஆள் கடத்தும் ஏஜென்சிக்காரன் இருவரையும் பாங்கொக்கில் ஓர் அறையில் ஐந்து மாதம் வைத்திருந்தான். ஜன்னல் சீலையை விலக்கக் கூடாது என்பது அவனுடைய கட்டளை. வெளியே கோயில் மணி கேட்கும், ஆற்றில் படகு போகும் சத்தம் கேட்கும், யாரோ எதையோ பொரிக்கும் வாசனை வரும். ஒன்றையும் கண்ணால் காணவில்லை. "பாங்கொக் எப்பிடி?" என்று பிற்காலத்தில் யாராவது கேட்டால், "பச்சைச் சீலை, அதில மஞ்சள் பூ" என்பார். அவர் கண்ட பாங்கொக் அவ்வளவுதான்.

ஒக்லாந்துக்கு வந்து சேர்ந்த பிறகு மங்கரேயில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் கிச்சனில் வேலை கிடைத்தது. தென் அமெரிக்காவுக்குப் போகும் விமானத்தின் தட்டுகளை அடுக்குவது அவருடைய வரிசை. அந்த வரிசைக்கு நேரே சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. அதில் ஒரு மாதத்துக்கு றியோ டி ஜெனெய்ரோ. மலை உச்சியில் கையை விரித்தபடி நிற்கும் கிறிஸ்து சிலை, காலடியில் நகரம், அதற்கப்பால் கடல். மாதம் முடிந்தபோது மற்றவர்கள் தாளைத் திருப்பினார்கள், சாந்தகுமாரி அதைக் கிழித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். சைவக்காரிக்குக் கிறிஸ்துவில் என்ன ஈடுபாடு என்று கேட்டால், சிலையில் அல்ல, சிலை நிற்கும் இடத்தில்தான் அவருக்குக் கண். அங்கே நின்றால் ஒரு நகரத்தை ஒரு மூலை விடாமல் பார்த்துவிடலாம். வாழ்க்கையில் ஒரு நகரத்தையாவது அப்படிப் பார்த்துவிட வேண்டும். நியூசிலாந்துக் கடவுச்சீட்டு கைக்கு வந்த அன்றே அதைத் தீர்மானித்துவிட்டார்.

"வை பிறேசில், மம்?" என்றாள் கஜானி. பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை, தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். ஆனாலும் தன் வீடியோக் கமராவைக் கொடுத்து, எந்தப் பொத்தானை அமத்துவது என்று பொறுமையாகக் காட்டிக்கொடுத்தாள்.

ஊருக்குப் போகிறவர் பெட்டியில் ஊராரின் பார்சல்தான் பாதி இருக்கும். பிறேசில் என்றபடியால் இந்த முறை பெட்டி தன்னுடையது மட்டும் என்று சாந்தகுமாரி நிம்மதியாக இருந்தார். அந்த நிம்மதி புறப்படுவதற்கு முதல் நாள் மாலைவரைதான். அடுத்த தெருவில் இருக்கும் கௌரி ஒரு பொட்டலத்தோடு வந்து கதிரையில் இருந்துகொண்டு அழத் தொடங்கினாள்.

"சாந்தாக்கா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. என்ர அண்ணர் அங்கதான் கிடக்கிறார். றியோவில. கனடாவுக்கு ஏத்திறன் எண்டு கொண்டுபோய் விட்டிட்டு ஏஜென்சிக்காரன் ஆளைக் காணேல்ல. வருசத்துக்கு மேல ஆச்சு. ஒரு அறைக்குள்ள இருக்கிறார், அக்கா."

பொட்டலத்தில் பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா, கறித்தூள், போட்டுக்கொள்ள இரண்டு சேட். ஒரு துண்டில் திருநாவுக்கரசு என்ற பெயரும் வீட்டு இலக்கமும்.

சாந்தகுமாரிக்கு வாய்வரை ஒரு சொல் வந்தது. நாலு நாட்டு எல்லை தாண்டி ஓடினாலும் இந்தச் சனம் பார்சலோடு பின்னால் வரும் என்பதுதான் அந்தச் சொல். ஆனால் 'அறைக்குள்ள' என்று கௌரி சொன்னது அவரை அடக்கிவிட்டது. பொட்டலத்தை வாங்கிப் பெட்டியின் அடியில் வைத்தார்.

விமானத்தில் அவருக்கு வந்த தட்டு அவருடைய கிச்சனிலேயே கட்டியது. வெண்ணெய் வலப்பக்கம் கிடந்தது. "ஆரடா இது?" என்று முணுமுணுத்தபடி அதை எடுத்து இடப்பக்கம் வைத்துவிட்டுத்தான் சாப்பிடத் தொடங்கினார்.

சுற்றுலாக் குழுவில், ஒக்லாந்திலிருந்து கூட வந்த வழிகாட்டிப் பெண் உட்பட மற்ற எல்லோரும் வெள்ளைக்காரர். முதலில் சாவோ பாவுலோ. சிவப்புத் தூண்களின் மேல் அந்தரத்தில் தூக்கி வைத்தது போல ஓர் ஓவியக்கூடம், அதன் கீழே வெட்டவெளி, அங்கே ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தை. யப்பானியர் தெருவில் வரிசையாகச் சிவப்பு விளக்குகள். உயர்ந்த கட்டிடம் ஒன்றின் உச்சிக்கு ஏறிப் பார்த்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் கட்டிடம். சாந்தகுமாரி கால் வீங்கும்வரை நடந்தார். யாருக்கும் சமைக்க வேண்டாம், யாரையும் போய்த் துக்கம் விசாரிக்க வேண்டாம். தெருவோர வாங்கில் உட்கார்ந்து, போகிற வருகிற சனத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு சந்தோசம் இருக்கிறது என்று இவ்வளவு காலமும் ஒருவரும் தனக்குச் சொல்லவில்லையே என்று இருந்தது.

பிறகு றியோ. கறுப்பும் வெள்ளையுமாக அலை அலையாய்க் கல் பதித்த கடற்கரை நடைபாதை. கம்பியில் தொங்கும் பெட்டியில் ஏறிப் போகிற பாறை மலை. எல்லாம் பார்த்தாயிற்று. இரண்டாம் நாள் குழுவோடு சிலை இருக்கும் மலைக்குப் போனார். உச்சியில் முகில். சிலையின் பீடம் மட்டும் தெரிந்தது, அதற்குமேல் வெள்ளை, கீழேயும் வெள்ளை. முகில் என்ன, பாங்கொக் சீலை என்ன, அவருக்கு இரண்டும் ஒன்றுதான். கடைசி ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று வழிகாட்டிப் பெண் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வரும்வரை அங்கேயே நின்றார்.

மூன்றாம் நாள் ஓய்வு நாள், இரவு விமானம். மலைக்கு மறுபடி போவதா, பார்சலைக் கொண்டுபோய்க் கொடுப்பதா? இரண்டுக்கும் நேரம் போதாமல் போகலாம் என்றாள் வழிகாட்டிப் பெண். பார்சலை ஹோட்டலில் விட்டுவிடலாம், யாராவது வந்து எடுப்பார்கள் என்று ஒரு நிமிடம் நினைத்தார். அறைக்குள்ளேயே கிடக்கிற மனிதன் எப்படி வந்து எடுப்பான்? காலையில் டாக்சி பிடித்தார்.

வெள்ளை வளைவுகள் கொண்ட பழைய நீர்ப்பாலத்துக்குப் பின்னால் ஒரு தேய்ந்த வீடு. வீட்டுக்காரி சிரித்தபடி மாடிக்குக் கைகாட்டினாள். கதவைத் திறந்தவருக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். தாடி, இடுப்பில் சாரம், பெனியன். பார்சலை இரண்டு கையாலும் வாங்கினார், மணந்து பார்த்தார்.

சாந்தகுமாரியின் கண் ஜன்னலில் இருந்தது. சீலை இழுத்து மூடியிருந்தது. நீலச் சீலை.

"தம்பி, இந்தச் சிலையை நீங்கள் பார்த்தாச்சோ?"

"எந்தச் சிலை, அக்கா?"

"எந்தச் சிலையோ? உங்கட தலைக்கு மேல நிக்குது. உலகம் முழுக்க வந்து பார்க்குது!"

"நான் இங்க இருக்க வந்த ஆள் இல்லை, அக்கா. ஏஜென்சிக்காரன் எப்ப ரெலிபோனில கோல் எடுப்பானோ தெரியாது. பொலிஸ் பிடிச்சா எல்லாம் போச்சு. இருட்டினாப் பிறகு மூலைக் கடை வரைக்கும் போவன், அவ்வளவுதான்."

"ரிக்கற் எடுத்து மலையேறி வாற ஆளைப் பொலிஸ் ஏன் பிடிக்குது? சேட்டைப் போடுங்கோ. தங்கச்சி அனுப்பினது புதுசு."

"அக்கா..."

"எனக்கு இண்டைக்கு மட்டுந்தான் இருக்கு. பார்சலை மேசையில வைச்சிட்டு நான் இப்பவே போகலாம். ஆனா இந்தச் சீலைக்குப் பின்னால உங்களை விட்டிட்டுப் போனா, மேல போய் நிண்டாலும் எனக்கு ஒண்டும் தெரியாது. எழும்புங்கோ!"

அவருடைய கோபம் யாரையும் எழுப்பிவிடும். திருநாவுக்கரசு சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். தெருவில் இறங்கியதும் வெயிலில் கண் கூசிச் சுவரோரமாகவே நடந்தார். ரயில் நிலையத்தில் சாந்தகுமாரி விரலைக் காட்டி, தலையை ஆட்டி ரிக்கற் கேட்க, விற்கிற பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் நின்ற திருநாவுக்கரசு தயங்கித் தயங்கி ஏதோ சொன்னார். அந்தப் பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு இருவரும் மளமளவென்று பேசத் தொடங்கினார்கள்.

"ஏன் சிரிக்கிறாள்?" என்றார் சாந்தகுமாரி.

"பின்னேரத்தில வீட்டுக்காரி ரீவி நாடகம் பார்ப்பா. நானும் கூட இருந்து பார்த்துத்தான் பாஷை பிடிச்சனான். நாடகத்தில காதலனைப் பிரிஞ்ச பணக்காரி மாதிரிக் கதைக்கிறனாம்."

"நல்லாத்தானே கதைக்கிறியள்!"

திருநாவுக்கரசுக்கே அது அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. வீட்டுக்காரியைத் தவிர வேறு யாரோடும் அவர் அதைப் பேசிப் பார்த்ததில்லை.

ரயில் காட்டுக்குள்ளால் ஏறியது. திடீரென்று திருநாவுக்கரசு ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கத்தினார். "அக்கா, பலா! பலா காய்ச்சுத் தொங்குது!" பெட்டியில் இருந்த சனம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. வீட்டிலிருந்து இவ்வளவு பக்கத்தில் பலாமரம் நிற்கிறது, ஒரு வருடமாகத் தெரியாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

உச்சியில் அன்றும் முகில். படிகளில் மூச்சு வாங்க ஏறி, கம்பி வேலியோரம் நின்று காத்திருந்தார்கள். ஒருவர் ஒருவராகச் சனம் இறங்கிப் போனது. சாந்தகுமாரி கமராவைக் கையில் பிடித்தபடி, தெரிந்த பிள்ளையார் எல்லோரையும் கூப்பிட்டார்.

மதியம் காற்று மாறியது. முகில் கீழேயிருந்து மேலாகக் கிழிந்தது. முதலில் ஏரி, பிறகு கடற்கரை, கப்பல்கள், ஆயிரமாயிரம் கூரைகள், குன்றுகளில் ஒட்டிக்கொண்டிருந்த வீடுகள். நகரம் முழுவதும் ஒரு மூலை விடாமல் வெயிலில் கிடந்தது.

"அக்கா, அந்த வெள்ளை வளைவு தெரியுதோ? அதுக்குப் பின்னால! அதுதான் என்ர வீடு!"

'அறை' என்று அவர் சொல்லவில்லை. சாந்தகுமாரி அதைக் கவனித்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. கை அமத்தியிருந்த பொத்தானை விடவில்லை. திருநாவுக்கரசு பேசிக்கொண்டே போனார். கிழமையில் ஒரு நாள் கீழே சந்தை கூடுமாம், சத்தத்தை வைத்துத் தெரியுமாம், அது எந்தத் தெரு என்று இப்போதுதான் தெரிகிறதாம். அங்கே போக வேண்டும், இங்கே போக வேண்டும் என்று விரலால் நகரம் முழுக்க நடந்தார்.

ஒக்லாந்துக்குத் திரும்பி வந்து இரண்டாம் சனிக்கிழமை, ரகசியம் இனித் தேவையில்லை என்று கௌரியே எல்லோரையும் கூப்பிட்டுத் தன் வீட்டில் வீடியோ காட்டினாள். ரோல்ஸ், பற்றிஸ், தேத்தண்ணீர் என்று ஒரு கலியாண வீட்டுக்கு வேண்டிய ஆயத்தம். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக, படத்தில் சிலையே இல்லை. தாடிக்கார மனிதர் ஒருவர் கையை நீட்டி நீட்டிக் கதைத்துக்கொண்டே இருந்தார்.

"எங்கயக்கா சிலை?" என்றார் யோகராணி. "இவ்வளவு தூரம் போய் இதையோ பிடிச்சுக்கொண்டு வந்தனீங்கள்?"

"சிலை எனக்குப் பின்னால நிண்டது. நான் பார்த்தன். அது போதும்."

கௌரி ரீவிக்குப் பக்கத்தில் நிலத்தில் போய் இருந்தாள். "அண்ணர் சிரிக்கிறார்," என்றாள். "பல்லுத் தெரியச் சிரிக்கிறார்." சொல்லும்போதே அழுதுவிட்டாள். யோகராணிதான் எழுந்து போய் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அந்த ஆண்டு கடைசியில் ஏஜென்சிக்காரன் ஒருவழியாகக் கோல் எடுத்திருக்கிறான். தான் வரவில்லை என்று திருநாவுக்கரசு சொல்லிவிட்டார். தொண்ணூற்றெட்டில், ஆவணமில்லாமல் தங்கியிருக்கும் வெளிநாட்டவர்கள் வந்து பதியலாம் என்று அந்த நாட்டு அரசு அறிவித்தபோது, வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்தார். பிறகு ஒரு சின்ன ஹோட்டலில் வேலை. ஆங்கிலம் பேசுகிற பயணிகளுக்கு வழி சொல்வதும் அவர்தானாம்.

அடுத்த ஆண்டு அதே வழிகாட்டிப் பெண் புதுக் குழுவோடு றியோ போய்த் திரும்பியபோது, கையில் ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். திருநாவுக்கரசு குழு தங்கியிருந்த ஹோட்டலுக்கே பட்டப்பகலில் வந்து கொடுத்தாராம். கோப்பித்தூள், கொய்யாப்பழ இனிப்புக் கட்டி, ஒரு புகைப்படம். நீல வானத்தில் சிலை, முன்னால் தாடி இல்லாத திருநாவுக்கரசு. அவருடைய தலை சிலையின் பாதியை மறைத்தது.

பொட்டலத்தின் மேல் அனுப்புநரின் பெயர், தெரு, வீட்டு இலக்கம், நகரம் எல்லாம் வடிவான எழுத்தில் இருந்தன. கௌரி அந்த விலாசத்தை விரலால் தடவித் தடவி வாசித்தாள். இவ்வளவு காலமும் அண்ணனுக்குத்தான் பார்சல் போனது. அண்ணனிடமிருந்து ஒரு பார்சல் வந்தது இதுதான் முதல் தடவை.

"அடுத்தமுறை நானும் வாறன், சாந்தாக்கா," என்றாள்.

"ஏன், அண்ணருக்குக் கலியாணம் பேசவோ?"

கௌரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இல்லை, அக்கா. சும்மா. பார்க்க."