கரையில் குத்திய ஈக்கள்

மகள் நகத்துக்குப் பூச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும், திண்டுக்கல் வீட்டு ஜன்னலோரம் அப்பா வந்து குனிந்து உட்கார்ந்துவிடுகிறார்.

சுதந்திரத்துக்குப் பிறகும் கொடைக்கானலிலேயே தங்கிவிட்ட ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் அப்பா வேலை பார்த்தார். மலைக்குளிர் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் கீழே வந்த பிறகும், துரை டிரவுட் மீன் பிடிக்கத் தூண்டிலுக்குப் பொய் ஈ கட்டி அனுப்புவதை மட்டும் அப்பா விடவில்லை. தண்ணீர்மேல் வந்து உட்காரும் பூச்சிக்குத்தான் அந்த மீன் வாய் திறக்குமாம். சின்னத் தூண்டில் முள்ளில் சேவலின் கழுத்து இறகை வைத்துக் கட்டி, வயிற்றுக்குச் சரிகை சுற்றி, முடிச்சு அவிழாமலிருக்கத் துரைசாணி கொடுத்த நகப்பூச்சைத் தொட்டு வைப்பார்.

"புழுவக் குத்திப் போட்டா வெஞ்சனத்துக்காச்சும் ஒரு மீனு சிக்கும். இம்புட்டுச் சோக்கு எதுக்கு?" என்று அம்மா திட்டாத நாளில்லை. ஆனால் சரிகை தீர்ந்தால் அவள்தான் கொண்டுவந்து கொடுப்பாள். "சின்னாளப்பட்டி தறிக்காரவுகட்ட வாங்குனேன்" என்பாள்.

ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் அம்மா போய்விட்டாள். போர்த்துவதற்காக அவளுடைய கல்யாணப் பட்டை எடுத்து விரித்தார்கள். கரையில் சரிகையே இல்லை. வெறும் நூல்தான் பிரிந்து கிடந்தது.

"எந்தச் சிறுக்கி இத உருவுனது?" என்று அத்தை கத்தினாள்.

அப்பா உள்ளே போய், மலைக்கு அனுப்பக் கட்டி வைத்திருந்த ஈக்களை அள்ளிவந்தார். அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, அந்த வெறுங்கரையில் ஒவ்வொன்றாகக் குத்தினார்.

"ஒனக்கும் பூசவாம்மா?" என்கிறாள் மகள்.

கையை மடிக்குள் இழுத்துக்கொள்கிறேன்.