வடிவம்மாள் வீட்டுக்காரரைச் சாகடித்த பேச்சு

வடிவம்மாளுக்குக் கோபமே வராது என்றுதான் புளியறையில் சொல்வார்கள். செக்போஸ்ட்டில் மணிக்கணக்காக நிற்கும் லாரிக்காரர்கள் அந்த எரிச்சலை எல்லாம் அவள் டீக்கடையில் வந்து கொட்டுவார்கள். "சரி தம்பி, உக்காருங்க" என்று சூடாக ஒரு வடையை எடுத்து நீட்டுவாள், அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்பு முடித்ததும் படிப்பை நிறுத்தி அவளை ஆடு மேய்க்க அனுப்பினார்கள். அதற்கும் அவள் அப்பனிடம் ஏன் என்று கேட்டவள் இல்லை. அப்படிப்பட்டவள் ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, தன் மகள் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போது, உட்கார்ந்த இடத்தில் பல்லைக் கடித்தாள்.

அவள் வீட்டுக்காரர் சுடலையாண்டிக்கு டீக்கடையை ஒட்டியே பஞ்சர் கடை. சாராயம், பிராந்தி, பீர் எதுவும் தொடாத மனுசன். குடித்தே செத்த தன் அப்பனைத் தூக்கிப்போட்ட அன்றைக்கு எடுத்த முடிவு அது. லாரிக்காரர்கள் பாட்டிலை நீட்டினால், "நமக்கு டீ போதும் அண்ணாச்சி" என்று சிரித்துவிட்டு ஜாக்கியை உருட்டிக்கொண்டு போய்விடுவார்.

மகள் மஞ்சு மூன்றாம் வகுப்புப் படித்தபோது ஒருநாள் அவர் லாரிச் சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். சக்கரத்தைப் பிடித்திருந்த இரும்பு வளையம் தெறித்து நெஞ்சில் அடித்தது. தென்காசிப் பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பாளையங்கோட்டைக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். போகிற வழியெல்லாம் வடிவம்மாள் பண்பொழி மலைமேல் இருக்கும் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். தாலியை விட்டுக்கொடு, உன் படியை விடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டாள். முருகன் விட்டுக்கொடுத்தான். அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் மலையேறி, அங்கே தரும் குங்குமத்தைத்தான் நெற்றியில் வைக்கிறாள். குளிர்காலமோ காய்ச்சலோ, அந்தப் படி தவறியதில்லை.

மஞ்சு இப்போது செங்கோட்டைப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. அங்கே வெள்ளிக்கிழமை சாயங்காலம் மன்ற நேரம். சாரணர் படைக்குத் தனி உடுப்பும் ஷூவும் வேண்டும். பசுமைப் படைக்காரர்கள் அடிக்கடி வெளியூர் போவார்கள். இலக்கிய மன்றத்துக்குத் தொண்டை இருந்தால் போதும். லாரி ஹாரனுக்கு மேலே கத்திக் கத்தி வளர்ந்த பிள்ளைக்கு அதற்கா பஞ்சம்? போன வருடமே மஞ்சு பேச்சுப் போட்டிகளில் கப் வாங்கி வந்தாள். வடிவம்மாள் அந்தக் கப்பை முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அதனால்தான் இந்த வருட மன்றத் தொடக்க விழாவுக்குக் கடையை மூடிவிட்டுப் போனாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பிச்சிப்பூ. சுடலையாண்டிக்கு மட்டும் ஒரு லாரி வந்து மாட்டிக்கொண்டது.

போதை ஒழிப்பு என்பது தலைப்பு. மஞ்சு மைக்கைப் பிடித்தாள்.

"குடித்தார், குடித்தார், என் தந்தை எங்கள் வாழ்வையே குடித்தார். ஒருநாள் போதையில் லாரிச் சக்கரத்தின் முன்னே விழுந்தார். சடலமாகத்தான் வீடு வந்தார். பொட்டிழந்த என் தாயின் நெற்றியைப் பார்த்துவிட்டுத்தான் நான் தினந்தோறும் பள்ளிக்கு வருகிறேன்."

கூட்டம் மூக்கை உறிஞ்சியது. முன்வரிசையில் இருந்த சிறப்பு விருந்தினர் சிவசைலம், தென்காசியில் அறக்கட்டளை நடத்தும் பெரியவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வடிவம்மாள் கை தன்னாலே நெற்றிக்குப் போனது. குங்குமம் இருந்தது.

பக்கத்தில் இருந்தது ரஹ்மத்துன்னிசா. மஞ்சுவோடு படிக்கும் சஃப்ரினின் அம்மா. அவள் குனிந்து காதோரம் கேட்டாள்.

"வடிவக்கா, இவ யாரைச் சொல்லுதா? காலையிலதான எங்க வண்டிக்கு அண்ணாச்சி காத்து அடிச்சு விட்டாவ."

வடிவம்மாள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவசைலம் எழுந்து, இந்தத் தகப்பன் இல்லாப் பிள்ளையின் மேல்படிப்பு முழுவதையும் எங்கள் அறக்கட்டளை பார்த்துக்கொள்ளும் என்றார். கைதட்டல் ஓய்ந்ததும், "அந்தத் தாய் வந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

மன்றப் பொறுப்பாசிரியை உமா மகேஸ்வரி. அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். அவள் கண் கூட்டத்தில் ஓடி வடிவம்மாள் மேல் நின்றது. பூவையும் பொட்டையும் பார்த்தது. பிறகு மைக்கில் சொன்னாள், "அவங்களுக்கு உடம்பு சரியில்லை ஐயா. வர முடியலை."

வடிவம்மாள் அங்கேதான் பல்லைக் கடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மஞ்சுவைப் பஞ்சர் கடை முன்னால் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். விஷயத்தைக் கேட்ட சுடலையாண்டி கையில் இருந்த, டயர் கழற்றும் லெவரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"செத்துட்டேன்னு சொன்னா ஆயுசு கூடும்பாவ. விடுட்டி."

"நீங்க சும்மா இருங்க. ஏட்டி, அங்கன சொன்னதை இங்கன சொல்லு. அப்பா மொகத்தைப் பாத்துச் சொல்லு."

"எம்மா, எல்லாரும் இப்பிடித்தான் பேசுதாவ. போன வருசம் ஸ்வாதியக்கா பேச்சுல அவ அம்மையைச் சாகடிச்சுதான் மாநிலப் போட்டி வரைக்கும் போனா. எங்க வீட்டுக் கஷ்டம் என்னன்னு மிஸ் கேட்டாவ. அப்பா நெஞ்சுல அடிபட்டதைச் சொன்னேன். பொழைச்சிட்டாருன்னா யாரும் அழ மாட்டாங்கன்னு மிஸ் மாத்தி எழுதினாவ."

"சொல்லுன்னு சொல்லுதேன்லா."

பிள்ளை பாதியில் உடைந்துவிடும் என்று வடிவம்மாள் நினைத்தாள். மஞ்சு உடையவில்லை. டயர் குவியலுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, எங்கே கையை உயர்த்த வேண்டுமோ அங்கே உயர்த்தி, எங்கே தொண்டை தழுதழுக்க வேண்டுமோ அங்கே தழுதழுத்து, ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தாள். டீக் குடித்துக்கொண்டிருந்த டிரைவர் ஒருவன் விவரம் தெரியாமல் கைதட்டினான். சுடலையாண்டி தன் சாவு வந்தபோதும் சிரிப்போடுதான் கேட்டார். பொட்டிழந்த நெற்றிக்கும் சிரித்தார். குடித்தார் குடித்தார் என்று கடைசியில் மறுபடியும் வந்தபோதுதான் அது அவருக்கு உறைத்தது. முகம் செத்துப்போயிற்று.

"குடிச்சேன்னு வேற போட்டிருக்காவளா" என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு நிற்காமல் சக்கரத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

மறுநாளே ஊர் பிடித்துக்கொண்டது. செக்போஸ்ட்டில் சுமை இறக்கும் இசக்கிராஜா டீக் குடிக்க வந்து, "அண்ணாச்சி, பதினாறாம் நாள் சாப்பாடு எப்பம்?" என்றான். சுடலையாண்டி, "ஒனக்கு எலை போடாமலா, வந்துருலே" என்று திருப்பிக் கொடுத்தார். வடிவம்மாள் இசக்கிராஜா டம்ளரைப் பாதியில் பிடுங்கித் தரையில் ஊற்றினாள். அவன் எழுந்து போனான். அவள் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை உமா மகேஸ்வரி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கெட்டவள் இல்லை. மழையில் நனைந்து வரும் பிள்ளைகளுக்குத் தன் துண்டைக் கொடுக்கிற டீச்சர். பெஞ்சில் உட்கார்ந்து டீயை வாங்கிக்கொண்டு மெதுவாகத்தான் ஆரம்பித்தாள்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. போட்டின்னா கற்பனை கலந்துதான் எழுதணும். இப்ப நல்லதுக்கு ஒரு வழி திறந்திருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை குற்றாலத்துல மண்டபத்துல அறக்கட்டளை விழா. ஐயா உங்க கையிலதான் படிப்புக்கான உத்தரவைக் கொடுப்பேன்னு சொல்லிட்டாங்க."

"அதுக்கு?"

"அண்ணாச்சி வரவேண்டாம். நீங்க மட்டும் வாங்க. பூ வைக்காம, பொட்டு இல்லாம... ஒரு மணி நேரம்தான். கழுத்துல இருக்கறதைப் புடவைக்குள்ள விட்டுக்கிட்டாப் போதும்."

அடுப்பில் எண்ணெய் புகைந்தது. வடிவம்மாள் அதை இறக்கவில்லை.

"டீச்சர், ஒங்க வீட்டு ஐயா நல்லா இருக்காவளா?"

"இருக்காங்கம்மா."

"ஒங்க பிள்ள படிப்புக்கு ஆவுதுன்னா, நீங்க நெத்தியைத் தொடைச்சுட்டு மேடையில நிப்பீங்களா?"

உமா மகேஸ்வரி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இந்தக் குங்குமத்தை ஆஸ்பத்திரி வாசல்ல விழுந்து கெடந்து வாங்கியிருக்கேன். நீங்க ரெண்டு கைதட்டலுக்கு அழிச்சிட்டீங்க. பத்தாதுன்னு என் கையாலயே அழிக்கச் சொல்லுதிய. நான் வர மாட்டேன். எழுந்திரிங்க."

டீச்சர் போன பிறகு சுடலையாண்டி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கையில் இருந்த கிரீசைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வடிவு, நீ போயிட்டு வா."

"என்னது?"

"பிளஸ் ஒண்ணு, பிளஸ் டூ, அப்புறம் காலேஜு. நம்மளால ஆவுமா? அந்த மேடையில நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன். எனக்கு என்ன கொறைஞ்சிரும்."

அவள் வாழ்நாளில் அவ்வளவு கோபம் அதற்கு முன் வந்ததில்லை. டீச்சர் மேல் வந்ததும் மகள் மேல் வந்ததும் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"ஒங்க உசிரு ஒங்க வீட்டுச் சொத்தா? அதை நான் கேட்டு வாங்கியிருக்கேன். நீங்க யாரு அதைத் தூக்கிக் குடுக்கதுக்கு?"

"கோவப்படாத. சாமிக்குத் தெரியாதா எது வேசம், எது நெசம்னு."

"தெரியும். அதனாலதான் சொல்லுதேன்."

அந்த வாரம் மூன்று பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை மலையேறிய வடிவம்மாள் சந்நிதியில் எதுவும் கேட்கவில்லை. கோபத்தோடு கும்பிடக் கூடாது என்பார்கள். அவள் கோபத்தோடுதான் கும்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் காரில் வந்து மஞ்சுவை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள். அந்தக் கார் திருப்பத்தில் மறைந்ததும் வடிவம்மாள் பட்டுப் புடவையைக் கட்டினாள். வழக்கத்தைவிடப் பெரிதாகக் குங்குமம் வைத்தாள். போகாதே என்ற சுடலையாண்டியைத் தாண்டிக்கொண்டு போய் செங்கோட்டை பஸ்ஸைப் பிடித்தாள்.

குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்தது. அருவிக்கு வந்த கூட்டம் ஈரத் தலையோடு ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களின் வாடைக்குள் நுழைந்து மண்டபத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் உதவி பெறும் பிள்ளைகளும் தாய்மார்களும் வரிசையாக இருந்தார்கள். அதில் ஒருத்தி வெறும் நெற்றியோடு, யாரையும் பார்க்காமல், மடியில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் தன்னைப் போடச் சொன்ன வேசம் அந்தப் பெண்ணுக்கு வேசம் இல்லை என்பதைப் பார்த்ததும் வடிவம்மாளுக்கு நெஞ்சு எரிந்தது.

மஞ்சுவின் பெயரை வாசித்தார்கள். உமா மகேஸ்வரி மைக் பக்கம் போய், "தாயாருக்கு உடம்பு..." என்று தொடங்கினாள்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல" என்றபடி வடிவம்மாள் நடந்தாள். யாரும் தடுக்குமுன் படியேறிவிட்டாள். மைக்கில் எப்படிப் பேச வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. அதைத் தள்ளிவிட்டு சிவசைலத்தின் முன்னால் கையைக் கூப்பினாள்.

"ஐயா, இவ எம் மக. இவ அப்பா சாகல. புளியறையில பஞ்சர் கடையில இருக்காவ. குடிக்கவும் மாட்டாவ. நீங்க குடுக்கது அப்பன் இல்லாத பிள்ளைக்கு. இது எங்களுக்கு இல்ல."

 சிவசைலத்தின் முகம் கறுத்தது. டீச்சரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வடிவம்மாளிடம் திரும்பினார்.

"ஏம்மா, இதைக் கூட்டத்துல வந்தா சொல்லணும்? வீட்டுக்கு வந்து தனியாச் சொல்லியிருக்கலாமே."

"சாகடிச்சது கூட்டத்துல வச்சுதானய்யா."

அவர் கையில் இருந்த உத்தரவை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த பெயரை வாசிக்கச் சொன்னார்.

மண்டப வாசலில் மஞ்சு சாரலில் நனைந்துகொண்டு நின்றாள். உமா மகேஸ்வரி அழுத கண்ணோடு, "பிள்ளை வாழ்க்கையைக் கெடுத்திட்டீங்களேம்மா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாள். ஒதுங்க இடம் இருந்தும் மஞ்சு நகரவில்லை.

"போதுமா ஒனக்கு? இனிமே எந்த மொகத்தை வச்சுக்கிட்டு நான் மன்றத்துக்குப் போவேன்?"

"ஒன் மொகத்தை வச்சுக்கிட்டுப் போ. போய்ப் பேசு. ஒங்கப்பா ஒனக்காக டயரு கழட்டுதாருன்னு பேசு."

"அதுக்கு எவன் பிரைஸ் குடுப்பான்?"

 அந்தக் கேள்வி வடிவம்மாள் கோபத்தை இன்னும் ஏற்றியது. பஸ்ஸில் மகள் முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள். தாய் பின்னால் நின்றே வந்தாள்.

புளியறையில் இறங்கியபோது சுடலையாண்டி கடை வாசலில் நின்றிருந்தார். மஞ்சு ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்குள் போனாள். அவருக்கு விளங்கிவிட்டது.

"ஒரு மணி நேரம் பொறுத்துக்கிட முடியலையா ஒன்னால?"

"முடியல."

"பிள்ளைய இனி எப்பிடிப் படிக்க வைப்ப?"

"வடை சுட்டுப் படிக்க வைப்பேன். அது பத்தலைன்னா நீங்க இன்னும் நாலு டயரு கழட்டுங்க."

அவர் கடைக்குள் போய்விட்டார். மறுநாள் காலையில் அவள் நீட்டிய டீயை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேரளாவுக்குப் போகிற சிமெண்ட் லாரி ஒன்று வந்து நின்றதும் பெரிய சுத்தியலைத் தூக்கிக்கொண்டு போனார். சக்கரத்தில் அவர் அடித்த அடி எப்போதும் அடிப்பதைவிடப் பலமாகக் கேட்டது. என் மேல் இருக்கிற கோபத்தைத்தான் அதில் காட்டுகிறார் என்று வடிவம்மாளுக்குத் தெரிந்தது. நல்லா அடிக்கட்டும் என்று அடுத்த ஈட்டு வடையை எண்ணெயில் போட்டாள்.