குனிய வைத்த வண்டி

தொண்ணூறுகளில், ஐம்பத்தெட்டு வயதில், புது பைக் வாங்க மனைவியோடு கோயமுத்தூருக்குப் போனேன். கடையில் இரண்டு வண்டிகள் பிடித்திருந்தன. ஒன்று, நாற்காலியில் உட்காருவதுபோல நிமிர்ந்து ஓட்டுவது. இன்னொன்று, டேங்கின் மேல் கவிழ்ந்து வேகமாக ஓட்டுவது.

"நிமுந்து ஓட்டறதையே வாங்குங்க. உங்க இடுப்பு தாங்காது," என்றாள் மனைவி.

அதனாலேயே இன்னொன்றில் ஏறி, பொள்ளாச்சி சாலையில் வெகுதூரம் போய்வந்தேன். இறங்கியபோது இடுப்பு நிமிரவில்லை. வலியில் இரு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு குனிந்தே நின்றேன்.

அந்த நேரம் பார்த்து மனைவியின் அண்ணன் கடைக்குள் வந்தார். தென்னந்தோப்பு வரப்புத் தகராறில் எங்களுக்குள் பல வருடங்களாகப் பேச்சே இல்லை. என் கோலத்தைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏனுங்க மாப்ள, என்னையப் போயி நீங்க கும்புடறதுங்களா? தப்பு என்மேலதானுங்க," என்று அவரும் கைகூப்பிக் குனிந்தார்.

"நீங்க நிமுருங்க மச்சான்," என்றேன்.

"நீங்க மொதல்ல நிமுருங்க. அப்பறந்தான் நானு."

மனைவி உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். என்ன நினைத்தாளோ, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் மச்சானுக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது. எங்கள் இருவரையும் குனிந்தவாக்கிலேயே ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனார்கள்.

அடுத்த வாரம் நிமிர்ந்து ஓட்டும் வண்டியை வாங்கினேன். முதல் பயணம் மச்சான் வீட்டு விருந்துக்குத்தான். பின்னால் உட்கார்ந்த மனைவி வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள்.