டீம் லீடர் சொன்ன பொய்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பிள்ளை இப்போதுதான் உறங்கினான்.

போன வாரம் அவனுக்குக் காய்ச்சல். மடியில் வைத்துக்கொண்டே வீட்டிலிருந்து வேலை பார்த்தேன். சோதனை சர்வர் என்று நினைத்து, கிளையன்டின் நிஜ சர்வரில் இருந்த தகவல்களை அழித்துவிட்டேன்.

மீட்டிங்கில் கிளையன்ட் கத்தியபோது எங்கள் டீம் லீடர், “நான்தான் அழித்தேன்” என்றார். நான் வாயே திறக்கவில்லை.

இன்று பிள்ளையை மறுபடியும் டாக்டரிடம் காட்டிவிட்டு மார்த்தாண்டம் பஸ்ஸில் திரும்பும்போது அவரைப் பார்த்தேன். அவர் மடியில் ஆபீஸ் மேசையிலிருந்த டீ கப், செடி. வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம்.

“அண்ணா, நான் உள்ளதச் சொல்லிருதேன்.”

“சும்மா கெட மக்கா. டீம்ல யாரு தப்பு செஞ்சாலும் லீடருதான் பதில் சொல்லணும். நாளைக்கு நான் திற்பரப்பு அருவியில போயி நல்லா குளிப்பேன். நீ ஒழுங்கா லாகின் பண்ணு.”

பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “காய்ச்சல் மாறிச்சே” என்று சிரித்தார்.

வீட்டில் என் சம்பளம் மட்டும்தான். நாளை காலை ஒன்பது மணிக்கு எங்களுக்குத் தலைமைப் பண்பு பயிற்சி வகுப்பாம்!

அங்கே உண்மையைச் சொல்லிவிடவா? ஒன்பது மணிக்குள் பதில் போடுங்கள்.