பிறந்த வீட்டு எண், வாழும் வீட்டு எண்

எனக்கு எழுபத்தாறு வயது. ஏழு பேரைப் பெற்று, ஏழு பேரையும் ஆளாக்கினேன். மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. அதற்காக என் பிள்ளைகளை எண்ணத் தெரியாதவள் இல்லை. கம்ப்யூட்டரில் எங்கள் வீட்டுக்கு நேராக ஐந்து பேர் மட்டும் இருந்ததைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் குலதெய்வக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். எங்கள் கூட்டத்தில், அதாவது குலத்தில், பிறந்த பெண்களை, எந்த ஊரில் கட்டிக்கொடுத்திருந்தாலும், பத்திரிகை வைத்து அழைக்க வேண்டும். வந்தவர்களுக்குப் புடவை கொடுத்து முன்னால் நிறுத்த வேண்டும். அது எங்கள் வழக்கம். போன முறை நோட்டைப் பார்த்து அழைத்தார்கள். பள்ளிபாளையத்தில் வாழ்கிற என் கடைசி மகள் விட்டுப்போய்விட்டாள். "நான் அந்த ஊட்டுல பொறக்கவே இல்லியா?" என்று கேட்டவள், இரண்டு வருடம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. இந்த முறையும் விட்டுப்போனால் இனி வரவே மாட்டாள். அவளுடைய பிடிவாதம் எனக்குத் தெரியும். அது என்னுடையதுதான்.

பட்டியல் போடுகிற வேலையைக் கோயில் கமிட்டிக்காரர் என் மகனுடைய மகளிடம் கொடுத்திருந்தார். அவள் சேலத்தில் காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அன்று சாயங்காலம் பட்டியல் அச்சுக்குப் போக வேண்டும். காலையில், முடிந்தது என்று பெருமையாகக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு வீட்டுக்கு ஒரு வரி. முதலில் ஆம்பளை பெயர், ஊர், போன் நம்பர். அப்புறம் பிள்ளைகளுக்கு ஐந்து கட்டம்.

"ஏஞ்சாமி, எனக்கு ஏழாச்சே. மிச்சம் ரெண்டு பேரு எங்க?"

"கட்டம் அஞ்சுதானுங்க அப்பத்தா. அஞ்சே ஜாஸ்தின்னு நெனச்சேன்."

"உங்கம்மா ஒண்ணோட நிறுத்திட்டா, உனக்கு அஞ்சு ஜாஸ்தியாத்தான் தெரியும்."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இருங்க, இன்னும் ரெண்டு கட்டம் சேத்தறேன்."

"கெழக்குத் தோட்டத்துக்காரிக்கு ஒம்பது."

"அப்ப ஒம்பது போட்டர்றேன்."

"போன மாசம் கண்ணாலம் ஆனவனுக்கு ஒண்ணுமே இல்ல. அவனுக்கு ஒம்பது கட்டமும் காலியாக் கெடக்குமா? அப்படியே மூணு வருசம் கெடந்தா அவங்கூட உன்னையத் திட்டுவான்."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இதத்தாங்க அப்பத்தா பரீட்சைல எழுதி மார்க்கு வாங்கினேன். நம்ம ஊட்டு வேலைன்னதும் மறந்துபோச்சு."

முழுவதையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஆரம்பித்தாள். நான் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். அடுப்பில் பருப்பு இருந்ததை மருமகள்தான் போய்ப் பார்த்தாள்.

இப்போது இரண்டு அட்டவணை; டேபிள் என்றாள். ஒன்று வீடுகளுக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண், ஊர், போன், எந்தக் கூட்டம் என்பது. இன்னொன்று ஆட்களுக்கு. ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எண். எங்கள் கூட்டத்தில் தாத்தா பெயரையே பேரனுக்கு வைப்பதால் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். மாட்டுக் காதில் மஞ்சள் வில்லை அடிக்கிறார்களே, அதுபோல எண் இருந்தால் குழப்பம் இல்லை. பெயர், ஆணா பெண்ணா என்பது, பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டம் வைத்தாள்: பிறந்த வீட்டு எண், வாழும் வீட்டு எண்.

"செரி, புள்ளைங்களுக்குக் கட்டம் எங்க?"

"கட்டமே இல்லீங்க. ஊடு புள்ளைங்கள எழுதி வெக்காது. புள்ளைங்கதான் ஊட்டு நம்பர வெச்சிருப்பாங்க. ஏழு பேரு வந்தா ஏழு வரி. இல்லாதவங்களுக்கு வரியே இல்ல."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எவ்வளவு சின்ன விஷயம்! எண்ணிக்கையே வேண்டாம். நூறு பிறந்தாலும் அந்த வீடு தாங்கும். "இத யாரு சாமி கண்டுபுடிச்சது? அவனுக்கு நெறையப் புள்ளைங்க இருந்திருக்கோணும்" என்றேன். அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தாள்.

ஒவ்வொரு பிள்ளையாக நான் சொல்ல, அவள் அடித்தாள். தம்மம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்த ஆறாவது மகளும் ஏறிவிட்டாள். ஏழாவதைப் போட்டபோது கம்ப்யூட்டர் சிவப்பாக ஏதோ சொன்னது. வாங்க மாட்டேன் என்கிறது.

நான் திரையைத் தட்டினேன். "அவளுக்குன்னா மட்டும் எல்லாத்துக்கும் ஆகாதா?"

"கோவிச்சுக்காதீங்க. பள்ளிபாளையத்து மாமா ஊட்ட நான் இன்னும் வீட்டு டேபிள்ல ஏத்தல. இல்லாத ஊட்டுல ஆளு குடியிருக்க முடியாதுன்னு சொல்லுது. நியாயந்தானுங்களே?"

நியாயம்தான். முதலில் மாப்பிள்ளை வீட்டை ஏற்றினாள், அவர்கள் கூட்டத்தின் பெயரோடு. பிறகு மகளை ஏற்றினாள். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. அதே கையோடு என் பெயரைப் போட்டபோது, நான் பிறந்த வீட்டையும் கேட்டது. என் அப்பன் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆகிறது. அவர் வீட்டுக்கும் ஓர் எண் கிடைத்தது. நான் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

மற்ற வீடுகளுக்கு நானும் போன் போட்டேன். "உங்களுக்கு எத்தன? கட்டிக் குடுத்தவங்களையும் சேத்துச் சொல்லுங்க" என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டேன். மத்தியானச் சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டோம். நாலு மணிக்குப் பேத்தி கம்ப்யூட்டரிடம் கேட்டாள்: நம் கூட்டத்து வீட்டில் பிறந்த பெண்கள் யார் யார், இப்போது எந்த வீட்டில் வாழ்கிறார்கள்? ஒரு நொடி. வரிவரியாக வந்து விழுந்தது. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. அதில் பள்ளிபாளையமும் இருந்தது.

பட்டியல் கைக்குப் போனதும் கமிட்டிக்காரர் போனில் அலறினார். "என்னுங்க அம்மிணி, போன தடவைக்கு ரெண்டு மடங்கு வருது! இவங்கெல்லாம் யாரு?"

நான் போனை வாங்கினேன். "எல்லாம் நம்ம பொறந்தவங்கதானுங்க. இத்தன நாளா நீங்கதான் பாக்கல."

நாலு நாள் கழித்து என் கடைசி மகள் போன் செய்தாள். பத்திரிகை வந்துவிட்டதாம். குரல் உடைந்திருந்தது.

"எம்பேருக்கே வந்திருக்குதும்மா. அவிங்க பேருக்கில்ல. இன்னார் மனைவின்னுகூடப் போடல."

"உனக்குன்னு தனி வரி இருக்குது சாமி. எப்ப வார?"

"மொத நாளே வாரேன்."

இதை எழுத எனக்கு ஐந்து நாள் ஆயிற்று. பேத்தி இப்போதுதான் காலேஜிலிருந்து வந்து பையை இறக்குகிறாள். சாமி, கையக் கழுவிட்டு இங்க வா. நான் எழுதினத ஒருக்காச் சத்தமாப் படிச்சுக் காட்டு.