கருப்பம்மாள் கொண்டுபோன சோறு

கருப்பம்மாளிடம் யாரும் ஆதாரம் கேட்டுப் பழக்கமில்லை. அவள் சொன்னால் சொன்னதுதான். மலாயாவில், காம்பார்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கங்காணியே அவளிடம் வாய்கொடுக்கத் தயங்குவான். அப்படிப்பட்டவளை ஈப்போ கோர்ட்டில் கூண்டில் ஏற்றி, "உன் புருஷன் லாக்கப்பில் இருந்ததற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள். ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் அவளுக்கும் அவள் புருஷனுக்கும் பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் நானும் கூடப் போயிருந்தேன். எனக்கு ரத்தம் கொதித்தது.

நடந்தது இதுதான். 1926-ல் அவள் புருஷன் மாயாண்டி முறைப்படி ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிட்டுத் தோட்டத்தை விட்டு வந்தான். ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்து பல வருஷம் ஆகியிருந்தது. போகிறவனைப் பிடித்து வைக்கச் சட்டமில்லை. ஆனால் பால் வெட்ட ஆள் குறைந்தால் தோட்டத்துத் தொரைக்குப் பொறுக்குமா? 'கூலி ஓடிவிட்டான்' என்று போலீசுக்குச் சொல்லியனுப்பினார். புருஷனும் பெண்டாட்டியும் புந்தோங்கில் வந்து குடியேறியதும் குடியேறாததுமாக, போலீஸ் மாயாண்டியைப் பிடித்துப்போய் அடைத்தது. ஒரு வாரம் கழித்துப் 'போ' என்று கதவைத் திறந்துவிட்டது. ஏன் பிடித்தார்கள், ஏன் விட்டார்கள், ஒன்றும் கிடையாது.

ஈயச் சுரங்கத்தில் அவனுக்குச் சொல்லி வைத்திருந்த வேலையும் போயிற்று. "லாக்கப்புக்குப் போன ஆளு வேணாம்லா. ஒன் மேல தப்பில்லன்னு கோர்ட்டு சொல்லட்டும், பாக்கலாம்" என்றார் ஆள் எடுக்கும் மண்டோர். வேலையைப் பிடுங்கும்போது மட்டும் எவனும் ஆதாரம் கேட்கவில்லை, கவனியுங்கள்!

அதற்காகத்தான் போலீஸ் மேல் வழக்குப் போட்டது. வக்கீல் சொன்னபோது எல்லாம் எளிதாகத்தான் தெரிந்தது. அடைத்து வைத்தார்கள் என்று மட்டும் நாம் காட்டினால் போதுமாம். அடைத்தது நியாயம்தான் என்று காட்ட வேண்டியது போலீஸ் பாடாம். போலீஸ் என்ன லேசுப்பட்டதா? இப்படி ஓர் ஆள் லாக்கப்பில் இருந்ததே இல்லை என்று ஒரேயடியாகச் சாதித்துவிட்டார்கள்.

கருப்பம்மாள் விடவில்லை. "தெனமும் மத்தியானம் சோறு கொண்டுபோனேன் தொரை. உள்ள விடமாட்டேன்னு வாசல்லயே வாங்கிக்குவாரு இந்தப் போலீசுக்காரரு. சட்டி காலியாத்தான் திரும்பி வந்துச்சு. உள்ள ஆளில்லன்னா யாரு தின்னது, பேயா?"

அடுத்து மாயாண்டி. சோறு வந்ததா என்று கேட்டார்கள். தோட்டத்தில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்து வளர்ந்தவன் அவன். கோர்ட்டுச் சத்தியமும் அவனுக்கு அதே சத்தியம்தான்.

"வரல தொரை. வெறும் கஞ்சிதான் குடுத்தாங்க."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். புருஷன் பேச்சும் பெண்டாட்டி பேச்சும் ஒத்துப்போகவில்லை, எல்லாம் கட்டுக்கதை என்று இன்ஸ்பெக்டர் எழுந்து சிரித்தார். எனக்கு மாயாண்டியை அங்கேயே நாலு அறை விடலாம் போலிருந்தது.

இடைவேளையில் கருப்பம்மாள் மரத்தடியில் அவனைப் பிடித்துக்கொண்டாள். "ஏய்யா, சாப்பிட்டேன்னு ஒரு வார்த்த சொன்னா ஒன் குடி முழுகிப் போயிருமா? வேகாத வெயில்ல சோத்தத் தூக்கிட்டு ஓடி ஓடி வந்தேன், நன்றிகெட்ட மனுசா!"

"சத்தியம் பண்ணிட்டு எப்படிப் புள்ள பொய் சொல்றது?"

"ஒனக்கு மறந்துபோச்சு. அதான்." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு அந்தப் போலீஸ்காரர் கூண்டில் ஏறினார். இந்தப் பெண்ணைப் பார்த்ததே இல்லை என்றார் மலாயில். அந்தச் சோற்றைத் தின்றது நீர்தானே என்று வக்கீல் சும்மா சீண்டிப் பார்த்தார். மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "மாசின்! மாசின்!" என்று கத்தினார். ஒரே உப்பு, வாயில் வைக்க முடியவில்லை, அதை நாய்க்குத்தான் போட்டேன், நானா தின்பேன் என்றார்.

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். யாருக்கென்று அந்தச் சோற்றை வாங்கினாய் என்று கேட்டார். போலீஸ்காரர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். மாஜிஸ்திரேட்டும் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். ஆள் உள்ளே இருந்தது தெரிந்துவிட்டது, எந்தச் சட்டப்படி வைத்தீர்கள் என்றார். தோட்டத்துத் தொரை சொன்னார் என்று இழுத்தார் இன்ஸ்பெக்டர். தொரை சொன்னதெல்லாம் சட்டமாகாது என்று சொல்லி, மாயாண்டியை அடைத்து வைத்தது தவறு என்று தீர்ப்பாயிற்று.

தீர்ப்பைக் கேட்க வந்து பின்னால் உட்கார்ந்திருந்த சுரங்கத்து மண்டோர், "திங்கக்கெழம வந்துருலா" என்றார். கருப்பம்மாள் காதில் அது விழவேயில்லை. வெளியே வந்ததும் மாயாண்டியின் கையைப் பிடித்தாள்.

"அப்ப நெசமாவே நீ ஒரு வாய்கூடச் சாப்பிடலியா?"

"அதத்தான புள்ள சொன்னேன்."

அவள் கோர்ட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். "நீ சாப்பிட்டுட்டேன்னு நெனச்சு, தெனமும் வீட்டுக்குப் போயி நான் வயிறாரத் தின்னேனேய்யா."