ஐந்தாவது உறை

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. பகலில் தரமணியில் ஒரு ஆய்வகத்தில் உதவியாளர் வேலை பார்த்தபடி மாலைக் கல்லூரியில் இயற்பியல் முடிக்க அவ்வளவு காலம் ஆகியிருந்தது. ஆராய்ச்சிப் படிப்புக்காக அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் ஐந்துக்கு விண்ணப்பிக்க இருந்தேன். இந்த வருஷம் விட்டால் வயதே என்னை வெளியே தள்ளிவிடும் என்று பயம்.

ஒவ்வொன்றுக்கும் மூன்று பரிந்துரைக் கடிதம் வேண்டும். 'நீயே டைப் பண்ணிக் கொண்டுவா, கையெழுத்துப் போடறேன்' என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். தி.நகரில் ஒரு டைப்பிங் கடையில் என்னை நானே புகழ்ந்து அடித்துக் கொடுத்தேன். இரண்டு பேராசிரியர்கள் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாமவர், ஓய்வுபெற்ற துறைத்தலைவர், "நானே எழுதறேன்" என்றார். மயிலாப்பூரில் அவர் தெருமுனையில்தான் அப்பாவின் இஸ்திரி வண்டி. அந்த வீட்டுத் துணி முழுக்க அப்பா கைதான். அவரே எழுதுகிறார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பரிந்துரைப் படிவத்தில் ஒரு வரி இருந்தது: கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். அவர் ஐந்து உறைகளை ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்திட்டுக் கொடுத்தார். நான்கை அனுப்பிவிட்டேன். ஐந்தாவது பல்கலைக்கழகத்தின் விண்ணப்பப் படிவம் கடைசித் தேதி கழிந்தே வந்து சேர்ந்ததால் அந்த உறை வீட்டிலேயே தங்கிவிட்டது.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. "சும்மாதானே கீது? இன்னா எழுதிக்கீறார்னு படிச்சிக் காட்டேன் நைனா" என்று ஒரு வாரம் நச்சரித்தார். எனக்கும் ஆசைதான். பிரித்தேன்.

பையன் பணிவானவன். புரிந்துகொள்வதில் நிதானம். இந்த வயதில் ஆராய்ச்சி கடினம், இப்போதைய வேலையே பொருத்தம். குடும்பம் நேர்மையானது, தகப்பனார் இருபது வருஷமாக எங்கள் துணிகளைத் தேய்க்கிறார், ஒரு கைக்குட்டைகூடத் தொலைந்ததில்லை.

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வகுப்பிலேயே முதல் ஆளுன்னு எழுதியிருக்கார்ப்பா" என்றேன்.

மறுநாள் காலை துறைத்தலைவர் நடைக்குக் கிளம்பியபோது அப்பா வழிமறித்து, அதைச் சொல்லிக் கும்பிட்டிருக்கிறார். சாயங்காலம் அவர் வீட்டுக்கு வரச்சொல்லி எனக்கு ஆள் வந்தது.

உட்காரச் சொல்லவில்லை. "கவரைப் பிரிச்சியோ?"

"ஆமாம் சார்."

"பார்க்கமாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தியே. உங்க குடும்பம் நேர்மைன்னு எழுதியிருக்கேனே, இப்போ அது பொய்யாயிடுத்தே. அந்த நாலு இடத்துக்கும் இதைத் தெரியப்படுத்தட்டுமா?"

கேட்க வேண்டியதெல்லாம் வழிநெடுக மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். "மன்னிச்சிடுங்க சார், எழுதிடாதீங்க" என்றேன். என்ன கடிதம் போயிருக்கிறது என்று தெரிந்தும் அதைத்தான் கெஞ்சினேன். இரண்டு முறை சொல்ல வைத்தார். பிறகு, போனால் போகிறது என்றார்.

நான்கு இடங்களிலிருந்தும் ஒரே மாதிரி ஒற்றைத்தாள் மறுப்பு வந்தது. அடுத்த ஆண்டும் மூன்று கடிதம் கேட்டார்கள். எனக்குப் பாடம் எடுத்தவர்களில் மூன்றாவதாகக் கையெழுத்திட இந்த ஊரில் வேறு யாரும் மிச்சமில்லை. படிவங்களைத் தூக்கிக்கொண்டு அவரிடமே போனேன். "நானே எழுதறேன்" என்றார். ரொம்ப நன்றி சார் என்றேன்.